பதற்றம் தணிக்கும் மூலிகைத் தேநீர்: எந்த மூலிகையை எப்படிப் போடுவது

நாட்டுமருந்துக் கடையில் துளசி, வல்லாரை, அமுக்கரா, அதிமதுரம், சடாமாஞ்சில் என்று ஒரு பட்டியலை நீட்டி வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுக் குடிப்பவர்கள் நிறையப் பேர். பத்து நாள் குடித்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் குறை மூலிகையில் இல்லை, போட்ட விதத்தில்தான். துளசியின் எண்ணெய்ச் சத்து ஆவியோடு போய்விடும். அமுக்கராவின் சத்து வெறும் தண்ணீரில் சரியாக இறங்காது. வல்லாரையை வெந்நீரில் இரண்டு நிமிடம் நனைத்து எடுத்தால் பச்சை வாசனைதான் மிஞ்சும். சித்த மருத்துவத்தில் இலை, பூ போன்ற மெல்லியவற்றுக்கு ஊறல் குடிநீர் என்றும், வேர், பட்டை போன்ற கெட்டியானவற்றுக்குக் காய்ச்சிய குடிநீர் என்றும் பிரித்து வைத்ததே இதற்காகத்தான்.

இவை எதுவரை உதவும் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்க உள்ளுக்குள் ஓடும் படபடப்பு, படுத்தபின் ஓயாத யோசனை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைக் கொஞ்சம் தளர்த்தும். நெஞ்சடைத்து, மூச்சு வாங்கி, செத்துவிடுவோமோ என்று திடீரென வரும் பீதியை எந்தத் தேநீரும் அந்த நிமிடத்தில் நிறுத்தாது. கவலை நோயாகவே முற்றிவிட்டவருக்கு இது மருந்துக்குப் பதில் ஆகாது. மருத்துவர் சம்மதத்தோடு துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் காபிக் கணக்கு

நாளுக்கு நான்கு டம்ளர் காபி குடிக்கிறவர் இரவில் ஒரு கோப்பை மூலிகைத் தேநீரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் எந்த மாற்றமும் தெரியாது. காஃபீன் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், கையை நடுங்க வைக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும். பதற்றத்தின் அடையாளங்களும் இவைதான். உடலுக்குள் போன காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் வேலை, மாலைக் காபியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூலிகைத் தேநீரை வைப்பது. ஒரேயடியாக எல்லாக் காபியையும் நிறுத்த வேண்டாம். மறுநாளே தலைவலியும் சோர்வும் எரிச்சலும் வரும். அதை ‘மூலிகை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். டிகாக்‌ஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டிக்கொண்டே போனாலும் சரி. கடையில் வாங்கும் ‘துளசி கிரீன் டீ’ போன்ற பைகளில் தேயிலைதான் முதல் சரக்கு. பெட்டியின் பின்புறம் தேயிலை என்று இருந்தால் அதிலும் காஃபீன் உண்டு.

மாலைக் காபிக்கு நம்மிடம் இருக்கும் பழைய மாற்று சுக்குமல்லிக் காபி. மல்லி விதை 100 கிராம், சுக்கு 20 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு. ‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்பார்கள். தோலை நன்றாகச் சீவிவிட்டு இடித்துக்கொள்ளுங்கள். மல்லியைச் சிறு தீயில் வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும், சிவந்தால் கசக்கும். எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து வைத்து, 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு மூன்று நிமிடம் கொதித்ததும் வடிகட்டுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் போக வடித்துச் சேர்க்கவும். பால் வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஊற்றுங்கள். கருப்பட்டியும் பாலும் சேர்ந்து கொதித்தால் திரிந்துவிடக்கூடும். இந்தக் காபி நேரடியாக மனத்தை அமர்த்தும் மருந்து அல்ல. சூடாக, மணமாக, காஃபீன் இல்லாமல் காபி வேளையை நிரப்புகிறது, அதுவே பெரிய உதவி. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சுக்கையும் மிளகையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இரவில் புளித்த ஏப்பம் மேலேறி விழிப்பு வந்தால், அந்தத் திடுக்கிடலையும் பதற்றம் என்றே நினைத்துக்கொள்வோம்.

பாத்திரமும் அளவும்

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், மண் பாத்திரம் எல்லாம் நல்லது. அலுமினியமும் ஈயம் பூசாத செம்பும் வேண்டாம். மூலிகைச் சாற்றோடு உலோகம் கரைந்து வரும். பொருத்தமான மூடி கட்டாயம் வேண்டும். 0.1 கிராம் காட்டும் சின்ன மின்தராசு இருந்தால் நல்லது. காய்ந்த இலையைக் கரண்டியில் அளந்தால், நொறுக்கியதற்கும் முழு இலைக்கும் எடை இரண்டு மடங்கு வித்தியாசப்படும். தராசு இல்லாதவர்கள் ஒரே கரண்டி, ஒரே டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நேற்றுக் குடித்ததையும் இன்று குடித்ததையும் ஒப்பிட முடியும்.

ஒரு கோப்பை என்று இங்கே சொல்வதெல்லாம் 150 முதல் 200 மில்லி. இரவில் அதற்கு மேல் குடித்தால் நடுச்சாமத்தில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்க நேரும். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். கடைசிக் கோப்பையைப் படுப்பதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

துளசி

பகல் வேளைக்கு ஏற்றது துளசி. பச்சை இலை என்றால் 10, 12 இலை. நிழலில் உலர்த்தியது என்றால் 2 கிராம். கருந்துளசிக்குக் காரம் அதிகம், வெண்துளசி மென்மையானது. வயிறு எரியும் சுபாவம் உள்ளவர்கள் வெண்துளசியை எடுத்துக்கொள்ளலாம்.

200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் இலையைக் கையால் கிள்ளிப் போட்டு உடனே மூடுங்கள். ஏழு நிமிடம் போதும். மூடியின் உட்புறம் முத்து முத்தாக நிற்கும் நீரைத் துடைத்துவிடாதீர்கள். ஆவியோடு எழுந்த எண்ணெய் அதில்தான் இருக்கிறது. மூடியைச் சாய்த்து அதைக் கோப்பைக்குள்ளேயே விழவிடுங்கள். துளசிக்குக் கிராம்பு வாசனை தருவது யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள். திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் அடுக்களை முழுக்க மணக்கும், கோப்பையில் துவர்ப்புத்தான் மிஞ்சும்.

வீட்டுச் செடி என்றால் கதிர் விடும்போதே கிள்ளிவிடுங்கள், இலை தளதளவென்று வரும். வெயிலில் காயவைத்த இலை கருத்துப்போகும், மணமும் இருக்காது. நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, கையில் நொறுங்கும் பதத்தில் எடுத்து வையுங்கள். கோயில் வாசலில் விற்கும் துளசி மாலை, பூக்கடைத் துளசி ஆகியவற்றைத் தேநீருக்கு எடுக்க வேண்டாம், அவை எங்கே, என்ன மருந்து தெளித்து வளர்ந்தவை என்று தெரியாது.

காலையும் முற்பகலும் ஒவ்வொரு கோப்பை போதும். சிலருக்குத் துளசி குடித்தால் சுறுசுறுப்பு வரும். அவர்கள் மாலைக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், குழந்தைப் பேற்றுக்கு முயல்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக்கூடாது.

வல்லாரையும் நீர்ப்பிரமியும்

இரண்டையுமே சில ஊர்களில் ‘பிரம்மி’ என்று விற்கிறார்கள். வட இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் பிரம்மி என்றால் பெரும்பாலும் வல்லாரை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்ப்பிரமி. வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள். வல்லாரை தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், நீண்ட காம்பின் நுனியில் வட்டமாக, ஓரம் வெட்டு வெட்டாக ஒற்றை இலை நிற்கும். நீர்ப்பிரமியின் இலை விரல் நகத்தைவிடச் சிறியது, தடித்துச் சதைப்பற்றாக இருக்கும், வாயில் போட்டால் கடும் கசப்பு. பூ வெளிர் நீலம் அல்லது வெள்ளை.

பதற்றத்துக்கு இந்த இரண்டில் முன்னே வைக்க வேண்டியது வல்லாரை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 40 பேருக்கு வல்லாரை அல்லது ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து கொடுத்து, திடீர்ச் சத்தத்துக்கு எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். வல்லாரை எடுத்தவர்களுக்கு அரை மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்திலும் திடுக்கிடல் குறைந்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது ஒரே வேளையில் 12 கிராம். நம் தேநீரில் அவ்வளவு போடுவதில்லை, போடவும் கூடாது. தலைசுற்றலும் தலைவலியும் வயிற்றுப் பிரட்டலும் வரும்.

பச்சை வல்லாரை காம்போடு ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 15 கிராம். காய்ந்தது என்றால் 2 கிராம். 300 மில்லி தண்ணீரில் போட்டு, நடுத்தரத் தீயில் 200 மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மேலே மெல்லிய நுரை கட்டும். வல்லாரையில் இருக்கும் சபோனின் வகைச் சத்துகளால் வருவது அது. எடுத்துப் போட வேண்டாம். கசப்புப் பிடிக்காதவர்கள் கால் தேக்கரண்டி சீரகம் தட்டிப் போடலாம். எலுமிச்சம்பழம் வேண்டுமென்றால் இறக்கிய பிறகு பிழியுங்கள். காலை உணவுக்கு அரை மணி நேரம் கழித்து ஒரு கோப்பை, மாலை ஒன்று. ஆறு வாரம் குடித்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

வல்லாரையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஈரம் உள்ள இடத்தில் எல்லாம் வரும் செடி இது. சாக்கடை ஓரத்திலும் கழிவுநீர் பாயும் வயலிலும் செழித்து வளரும், மண்ணில் உள்ள கெட்டதையும் சேர்த்தே உறிஞ்சும். தொட்டியில் வளர்ப்பது எளிது. கணு வேரோடு ஒரு துண்டை நட்டு, அரை நிழலில் வைத்துத் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றரை மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். இலங்கையில் வல்லாரையைச் சம்பலாகவும் கஞ்சியாகவும் கிட்டத்தட்ட அன்றாட உணவாகவே சாப்பிடுகிறார்கள். தேநீரின் கசப்பு ஆகாதவர்களுக்கு தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சம் புளியும் சேர்த்த அந்தச் சம்பல் நல்ல மாற்று.

நீர்ப்பிரமி வேறு மாதிரி. அதன் வேலை மெதுவானது. குறைந்தது எட்டு வாரம் தொடராமல் எதுவும் தெரியாது, அதிலும் நினைவாற்றலுக்குத்தான் ஆதாரம் அதிகம். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டலும் பேதியும் சகஜம். குடிப்பதானால் காய்ந்த பொடி 1 கிராம், பாதிப் பால் பாதித் தண்ணீரில் ஐந்து நிமிடம் காய்ச்சி, சாப்பாட்டுக்குப் பிறகு.

அமுக்கரா

அஸ்வகந்தா என்ற பெயரில் மாத்திரையாகவும் பொடியாகவும் இன்று உலகம் முழுக்க விற்பது நம் அமுக்கராக் கிழங்குதான். பதற்றத்துக்கு மூலிகைகளில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று. 2012-இல் இந்தியாவில் நடந்த ஆய்வில் 64 பேரில் பாதிப் பேர் 300 மில்லிகிராம் வேர்ச்சாறு மாத்திரையை நாளுக்கு இரண்டு முறை 60 நாள் எடுத்தார்கள். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. அமுக்கரா எடுத்தவர்களுக்கு மன அழுத்த மதிப்பெண்ணும் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பின் அளவும் தெளிவாகக் குறைந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, அது செறிவூட்டிய சாறு. வீட்டில் காய்ச்சும் பாலிலிருந்து அதே அளவு பலனை அதே வேகத்தில் எதிர்பார்க்கக்கூடாது.

அமுக்கராவைத் தேநீர்ப் பையில் போட்டு வெந்நீரில் முக்கி எடுப்பது வீண். வேர் கெட்டி, அதன் முக்கியச் சத்துகள் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. அதனால்தான் பாலில் காய்ச்சும் வழக்கம். சித்த மருந்து செய்பவர்கள் கிழங்கைப் பாலில் புட்டு அவிப்பதுபோல ஆவியில் வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே இடிப்பார்கள். சுத்தி செய்த அமுக்கராப் பொடி என்று கேட்டு வாங்குங்கள். டாம்ப்கால் என்ற தமிழ்நாடு அரசு நிறுவனமும், சென்னையில் 1944-இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவும் சித்த மருந்துகளைத் தயாரிக்கின்றன. பொட்டலம் வெறும் வேரால் ஆனதா என்றும் பாருங்கள். இலையும் தண்டும் கலந்தால் மலிவாக இருக்கும். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு கிராம், அதாவது கால் தேக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு வாரம் ஒன்றும் தொந்தரவு இல்லை என்றால் 3 கிராம் வரை. 100 மில்லி பால், 100 மில்லி தண்ணீர். பொடியை முதலில் இரண்டு கரண்டி குளிர்ந்த தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள், நேரடியாகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக உருண்டு நிற்கும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருக்கும். சிறு தீயில் கிளறிக்கொண்டே மொத்தம் 100 மில்லியாகும்வரை காய்ச்சுங்கள். தண்ணீர் எல்லாம் ஆவியாகிப் பால் மட்டும் நிற்கும் அளவு அது. ஏலக்காய் ஒன்று, பனங்கற்கண்டு ஒரு சிட்டிகை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பால் ஆகாதவர்கள் தேங்காய்ப் பால் எடுக்கலாம். ஆனால் தேங்காய்ப் பாலைக் கொதிக்க விட்டால் திரியும், அதனால் வேரைத் தண்ணீரில் தனியாகக் காய்ச்சி இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும்.

முதல் நாளே தூக்கம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கு முதல் எட்டு வாரத்தில்தான் வித்தியாசம் தெரிய வரும். மூன்று மாதத்துக்கு மேல் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடரக்கூடாது. அமுக்கரா எடுத்துச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் இதற்குத் தடையே விதித்துவிட்டது. கண் மஞ்சள் நிறமாவது, சிறுநீர் அடர்ந்து போவது, உடல் முழுக்க அரிப்பு எடுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். தைராய்டு சுரப்பைக் கூட்டும் தன்மை இதற்கு உண்டு. தைராய்டு ஏற்கெனவே அதிகம் சுரப்பவர் இதைக் குடித்தால் படபடப்பு இரட்டிப்பாகும், அவரோ பதற்றம் போகவில்லை என்று அளவைக் கூட்டுவார். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

சீமைச் சாமந்தி

ஆங்கிலத்தில் கேமமைல் எனப்படும் இது நம் மண்ணின் மூலிகை அல்ல. ஐரோப்பாவிலும் எகிப்திலும் நெடுங்காலமாகக் குடிக்கும் பூ. ஆனாலும் பதற்றத்துக்கு இதைவிட எளிய தேநீர் கிடையாது, சூப்பர் மார்க்கெட் முதல் இணையக் கடை வரை எங்கும் கிடைக்கிறது. இதில் உள்ள அபிஜெனின் என்ற பொருள், மூளையில் தூக்க மாத்திரைகள் போய் ஒட்டும் அதே இடத்தில் மிக மெலிதாக ஒட்டுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கவலை நோய் உள்ள 57 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, போலி மருந்தைவிட மிதமான பலன் கண்டார்கள். அதுவும் மாத்திரையில்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பூக்கடைச் செவந்தி இது அல்ல. தோவாளையிலும் கோயம்பேட்டிலும் குவியும் மஞ்சள் செவந்தி வேறு இனம், மாலைக்காக வளர்ப்பது, பூச்சிமருந்து தாராளமாக அடித்தது. அதை உலர்த்திக் குடிக்காதீர்கள்.

முழுப் பூவாக வாங்குங்கள். நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் வெள்ளை இதழ், முகர்ந்தால் ஆப்பிள் போன்ற மணம். தூளாகிப் பழுப்பேறியது பழைய சரக்கு. 2 முதல் 3 கிராம் பூவுக்கு 150 மில்லி கொதிநீர், மூடி போட்டுப் பத்து நிமிடம். கடைப் பைகளில் ஒன்று முதல் ஒன்றரை கிராம்தான் இருக்கும். ஒரு பையை இரண்டு நிமிடம் முக்கிக் குடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பது நியாயமல்ல. இரண்டு பை போட்டு முழுப் பத்து நிமிடம் விடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் கசப்பு ஏறும். பிற்பகல் ஒன்று, இரவு ஒன்று.

செவந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் இவற்றின் மகரந்தம் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாது, ஒரே குடும்பம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குடிக்கவே கூடாது. ரத்தக் கசிவு ஏற்பட்ட நிகழ்வு மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

பெயர் பெற்ற மற்றவை

எலுமிச்சைப் புல் தேநீர் மணமும் சுவையும் உள்ளது. பிரேசில் நாட்டில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். 1986-இல் அங்கேயே மனிதர்களிடம் சோதித்தபோது தூக்கத்திலோ பதற்றத்திலோ மாற்றம் தெரியவில்லை. பிடித்தால் குடியுங்கள், காபியை விலக்க அது உதவும். சங்குப்பூவின் நீலத் தேநீரும் அப்படியே. மருத்துவ நூல்கள் மனத்துக்குச் சொல்வது பெரும்பாலும் அதன் வேரை, பூவை அல்ல. செம்பருத்தித் தேநீர் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்தவர்கள் அளவாகக் குடிக்கட்டும்.

சடாமாஞ்சில் உண்மையிலேயே அமைதி தரும் சரக்கு. ஆனால் இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் வளரும் இந்தச் செடி தோண்டித் தோண்டியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. பன்னாட்டு வணிகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. கடையில் கிடைப்பதில் கலப்படமும் அதிகம். சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

இனிப்புக்காக அதிமதுரம் சேர்க்கும் பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தொண்டைக்கு நான்கு நாள் போடுவதில் குற்றமில்லை. தினமும் வாரக்கணக்கில் போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் நெஞ்சு படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும். எதைத் தணிக்கக் குடித்தோமோ அதுவே வந்து நிற்கும்.

இரவுப் பாலில் ஜாதிக்காய் உரசிப் போடுவதும் அப்படித்தான். கல்லில் இரண்டு மூன்று இழைப்பு, ஒரு சிட்டிகைக்கும் குறைவு, அது சரி. தூக்கம் வரவில்லை என்று ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று போனால் அது நஞ்சு. பல மணி நேரம் கழித்து வாய் வறண்டு, நெஞ்சு அடித்துக்கொண்டு, இல்லாதவை தோன்றும். கசகசாப் பால் குடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் கசகசாவை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், பையில் இருந்தால் வழக்கு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ‘மனநிலை’ என்று எழுதிய தேநீர்ப் பெட்டிகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறி ஆபத்தாகும். கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எடுக்கும் மருந்து ஆகியவற்றின் வேலையையும் கெடுத்துவிடும்.

தொடங்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. இதை மீறுவதால்தான் எது உதவியது, எது தொந்தரவு செய்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. முதல் வாரம் எந்த மூலிகையும் இல்லாமல், ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை காபி, எப்போது படுத்தது, எத்தனை முறை விழித்தது, அன்றைய பதற்றம் பத்துக்கு எத்தனை. இரண்டாம் வாரம் மாலைக் காபியை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து தேநீர். பகல் பதற்றம் அதிகம் என்றால் துளசியோ வல்லாரையோ. படுத்தால் யோசனை ஓயவில்லை என்றால் சீமைச் சாமந்தி. மாதக்கணக்காக உடல் ஓய்ந்து, தூக்கமும் கெட்டவர்கள் அமுக்கராவைப் பார்க்கலாம். குடிக்கும் பத்து நிமிடமும் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். சூடான கோப்பையோடு அமைதியாக உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுவதற்கும் இதில் பங்கு உண்டு, அதை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் விழுங்கினால் பாதிதான் கிடைக்கும்.

நான்கு வாரத்தில் நோட்டில் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், மூலிகையை மாற்றுங்கள். அமுக்கராவுக்கும் நீர்ப்பிரமிக்கும் மட்டும் எட்டு வாரம் கொடுங்கள்.

காய்ந்த சரக்கைக் கண்ணாடி ஜாடியில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்ட வையுங்கள். இலையும் பூவும் ஆறு மாதம், வேர்ப்பொடி ஒரு வருடம். ஐப்பசி மழையில் ஈரக் கரண்டி பட்டாலே பூஞ்சை பிடிக்கும். பூசண நெடி வந்தால் மேலாகத் தட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். காய்ச்சிய தேநீரை அன்றே குடித்து முடிக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள், துவர்ப்புச் சத்து இரும்பை உறிஞ்சவிடாது. காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் குடிக்க வேண்டும். தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ எடுப்பவர்கள் சீமைச் சாமந்தி, அமுக்கரா, சடாமாஞ்சில் மூன்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மயக்கம் ஒன்றோடொன்று கூடும், வண்டி ஓட்டுபவருக்கு அது உயிர் ஆபத்து. மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தேநீரை நம்பி நீங்களாக நிறுத்துவதும் கூடாது. திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வேலையும் கெட்டால், சாப்பாடு இறங்காமல் எடை குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, இசிஜி ஆகிய எளிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகையும் அதிகத் தைராய்டும் பதற்றம் மாதிரியே வரும், அவற்றுக்கு வேறு மருந்து இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. மூலிகை பற்றிய சந்தேகத்துக்குத் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் குடிக்கும் சரக்கின் பொட்டலத்தையும் நோட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகைத் தேநீரையும் நிறுத்திவிட்டு, இதுவரை குடித்தவற்றை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.